தெல்மா வேனின் பின் இருக்கை

எங்கள் தெருவில் வேன் ஓட்டிய பெண் தெல்மா கில்லிலண்ட் ஒருத்திதான். கணவன் இறந்தபின் அவனுடைய வேனை அவள் ஓட்டத் தொடங்கினாள். பெல்ஃபாஸ்டில் எங்கள் பக்கம் புராட்டஸ்டண்டுகள். நடுவே, இரவில் கதவு பூட்டப்படும் உயரமான சுவர்; அதற்கு அந்தப் பக்கம் கத்தோலிக்கர்கள். கோடை விடுமுறை தொடங்கியதும் இரு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒரு வாரம் கடற்கரை விடுதியில் ஒன்றாகத் தங்கவைக்கும் திட்டம் ஒன்று இருந்தது. அவர்களை ஏற்றிப்போவது தெல்மாவின் வேலை.

பின் இருக்கை என்றால் பிள்ளைகளுக்கு உயிர். முதலில் ஏறும் எங்கள் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். வேன் சுவரைத் தாண்டியபின் ஏறுகிறவர்களுக்கு முன் இருக்கைகள். வருடாவருடம் இப்படித்தான்.

"சண்டை இல்லாம போய்ச் சேந்தா போதும்" என்பாள் தெல்மா.

பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ஒரு பெண், முதல் நாளும் கடைசி நாளும் பிள்ளைகளிடம் மற்றப் பக்கத்தாரைப் பற்றி ஒரே கேள்விகளைக் கேட்பாள். கடைசி நாள் பதில்கள் எப்போதும் நன்றாகவே இருந்தன. ஊர் திரும்பிய பிறகு யாரும் வந்து கேட்டதில்லை.

அந்த வருடம் தெல்மாவின் பத்து வயது மகள் லோர்னாவும் போனாள். அந்தப் பக்கத்து கிரான்யா அவளுக்கு உயிர்த்தோழி ஆனாள். பிரியும்போது தன் விளையாட்டு மட்டையைக் கொடுத்தாள். அடிப்பக்கம் வளைந்து அகன்ற மர மட்டை. எங்கள் பக்கத்தில் அந்த ஆட்டம் யாரும் ஆடுவதில்லை. பார்த்ததுமே அது எந்தப் பக்கத்தது என்று தெருவுக்குத் தெரியும்.

"உள்ள வைடி" என்றாள் தெல்மா.

"எதுக்கு? நான் விளையாடணும்."

லோர்னா பகலெல்லாம் வாசல் சுவரில் பந்தடித்தாள். மாலையில் மற்ற பிள்ளைகளோடு விறகு சேர்க்கப் போனாள். பழைய போர் வெற்றி ஒன்றைக் கொண்டாட, ஜூலை பதினொன்று இரவு எங்கள் ஆட்கள் மூட்டும் பெரிய தீக்கு விறகு. உச்சியில் அந்தப் பக்கத்துக் கொடி எரியும்.

தீக்குப் பொறுப்பு பதினேழு வயது வெஸ்லி. வீடு வீடாக வந்தவன் மட்டையைப் பார்த்துவிட்டான்.

"தெல்மாக்கா, இதக் கொடிக்குப் பக்கத்துல சொருகினா ஜோரா இருக்கும்!"

"தொடாத! கிரான்யா குடுத்தது" என்றாள் லோர்னா.

"அவ யாரு? அந்தப் பக்கமா?"

"ஆமா. ஆனா அவ அவங்க மாதிரி இல்ல."

வெஸ்லி சிரித்தான். "அக்கா, ஊர் பாக்குது. உங்க வேன் ராத்திரி வெளியிலதான நிக்குது?"

தெல்மாவுக்குச் சோறு போடுவது அந்த வேன். மட்டையைக் கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. அவள் மகளைப் பார்த்தாள், பிறகு அவனை.

"டேய், நீ எங்கூட வந்த வருஷம் வழியெல்லாம் மூக்க ஒழுக்கிட்டு அழுதியே, யாருக்காக? அவன் பேரு என்ன?"

கூட வந்த பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெஸ்லியின் காது சிவந்தது.

"டோனல்" என்றான்.

"அவனும் அவங்க மாதிரி இல்லன்னுதான் நீயும் சொன்ன. இப்ப எங்க இருக்கான்?"

"எனக்கெப்படித் தெரியும்? அவங்களப் பாக்க நீங்க எங்களத் திரும்பக் கூட்டிட்டுப் போகவே இல்லியே."

மட்டைக்குப் பதிலாக, கொல்லையில் கிடந்த பழைய கதவைத் தெல்மா காட்டினாள். அவன் அதைத் தூக்கிக்கொண்டு போனான்.

பதினொன்றாம் தேதி வேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொடி எரிந்தபோது எல்லோரையும் விட உரக்கக் கத்தியது லோர்னா. மறுநாள் காலை அதே மட்டையால் பந்தடித்தாள். அவளுக்கு இரண்டும் வேறு வேறு.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, திட்டக்காரர்களிடம் கிரான்யாவின் முகவரி கேட்டு வாங்கி, தெல்மா வேனை எடுத்தாள். அன்று அவளுக்குக் கூலி இல்லை. லோர்னா மட்டையோடு ஏறி, காலி வேனில் நேராகப் பின் இருக்கைக்குப் போனாள்.

"முன்னாடி வந்து உக்காரு."

"முன்னாடி அவங்கதான் உக்காருவாங்க."

"எவங்க?"

லோர்னா யோசித்தாள். "கிரான்யா" என்றாள்.

"அவளுக்கும் பின் சீட்டுதான் பிடிக்கும். கேட்டுப் பாரு" என்றாள் தெல்மா. சுவரின் கதவு இன்னும் திறக்கவில்லை. எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தாள்.