ஒரே கையால் மூன்று படங்கள்

சென்னையில் ஓர் ஓவியர் குழு புதியவர்களுக்காக நடத்தும் கண்காட்சிக்கு நான் ஆறு படங்கள் அனுப்பியிருந்தேன். தேர்வுக் குழுவில் இருந்த ஒருவரிடமிருந்து வாட்ஸப்பில் பதில் வந்தது. ஆறும் நன்றாக இருக்கின்றன, ஆறு பேர் வரைந்தவை போல இருக்கின்றன, ஒரே ஆள் வரைந்த மூன்று படங்கள் இருந்தால் மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். கீழே கைகூப்பும் எமோஜி ஒன்று.

நான் டெக்ஸ்டைல் டிப்ளமோ படித்தவள். பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் வேலை. யாராவது குறை சொன்னால் எனக்கு அழுகை வராது, அட்டவணை வரும். ஆறு படங்களையும் முன்னறைச் சுவரோரம் வரிசையாக நிறுத்திவிட்டு நோட்டில் கோடு போட்டேன். படம், அதில் நன்றாக இருப்பது, அதை யாரிடமிருந்து எடுத்தேன். மூன்றாவது பத்தி சிரமமில்லாமல் நிரம்பியது. தடித்த கறுப்புக் கோடு பழைய ஜெர்மானிய ஓவியர் ஒருவருடையது. பச்சை முகமும் ஊதா நிழலும் அவருடைய நண்பருடையவை. கோணிய ஜன்னல்கள் நான் போனில் சேமித்து வைத்திருந்த ஒரு படத்திலிருந்து வந்தவை. கடைசியாக நான்காவது பத்தி ஒன்று போட்டு 'என்னுடையது' என்று தலைப்புக் கொடுத்தேன். அதில் 'கையெழுத்து' என்று மட்டும் எழுத முடிந்தது.

என் தங்கை அப்போது உள்ளே வந்தாள். தினமும் சாயங்காலம் அதே அறையில் போனை ஸ்டாண்டில் மாட்டி, வட்ட விளக்கைப் போட்டு, லைவில் சேலை விற்கிறவள். அப்பாவும் அம்மாவும் உள்ளறைத் தறியில் நெய்கிற சேலைகள், பிள்ளையார்பாளையத்தில் தெரிந்தவர்கள் நெய்கிற சேலைகள். வீட்டில் எனக்குச் சேர வேண்டிய பேச்சையும் அவளே பேசித் தீர்த்துவிட்டாள் என்பது அம்மாவின் கருத்து. நோட்டை எட்டிப் பார்த்தவள், ஒரு படத்தைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, போனே இல்லாமல் லைவ் ஆரம்பித்தாள்.

"வணக்கம் சிஸ்டர்ஸ். பாடி மாம்பழக் கலர்மா. ரெண்டு பக்கமும் அரக்குக் கரை, நாலு விரல் அகலம். முந்தி இந்தப் பக்கம் வருது, நல்லா ரிச்சா இருக்குது பாருங்க. புடிச்சிருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. அடுத்த பீஸ் போலாமா?"

ஆறு படங்களையும் அப்படியே காட்டி முடித்தாள். முதலில் சிரித்தேன். அவள் போனதும் ஸ்கேலை எடுத்து அளந்தேன். அவள் சொன்னது சரி. ஒவ்வொரு படத்திலும் இரண்டு ஓரமும் கிட்டத்தட்ட ஒரே அகலத்தில் இருண்டிருந்தன. நடுவில் அமைதியான பரப்பு, அதில் அங்கங்கே சின்னச் சின்ன உருவங்கள். கூட்டமும் கத்தலும் எப்போதும் வலது கோடியில். முகங்கள் இடமும் வலமும் ஒரே அச்சு. ஆபீசில் கரை டிசைனைப் பாதிதான் வரைவேன், மீதியைக் கம்ப்யூட்டரே திருப்பிப் போட்டுக்கொள்ளும். அதை ஆறு வருஷமாகச் செய்கிற கைக்கு வேறெதுவும் தெரியவில்லை. நான்காவது பத்தியில் 'சேலை' என்று சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த பத்து நாள் வைத்தியம் நடந்தது. இடது கையால் வரைந்தேன். கேன்வாஸைத் தலைகீழாக வைத்து வரைந்தேன். ஸ்கேலை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன், அம்மா அதை உலை வைக்கும்போது கண்டெடுத்து மேஜைமேல் வைத்துவிட்டாள். பிறகுதான் கோபம் என்கிற யோசனை வந்தது. நான் வரைய ஆசைப்படுகிற பாணியில் உணர்ச்சிதான் முதலில் வரும், உருவம் அதற்கேற்ப வளைந்துகொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் உணர்ச்சிக்குப் பேர்போனவள் இல்லை நான். அதனால் காலை ஆறு முதல் ஆறே முக்கால் வரை கோபப்படுவதென்று அலாரம் வைத்தேன். கோபத்துக்கான விஷயங்களையும் முதல் நாளே எழுதி வைத்தேன். கருட சேவை அன்று எங்கள் வாசலை அடைத்து நிற்கும் பைக்குகள். 'மயில் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கட்டும்' என்று டிசைனைத் திருப்பி அனுப்பிய கடைக்காரர். என் சீப்பில் தங்கையின் முடி. சந்தோஷமான மயிலை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று வரைந்த படத்தில் இருந்தது மிக ஒழுங்கான, நன்றாக அடுக்கி வைத்த கோபம். அதற்கும் கரை இருந்தது.

சாயங்காலங்களில் தங்கையின் வட்ட விளக்கு வெளிச்சத்திலேயே நானும் வரைவேன். போனுக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும், இருமக் கூடாது என்பது அவள் நிபந்தனை. ஒருநாள் லைவில் ஒரு பெண்மணி, "பட்டா, பாலியஸ்டரா?" என்று மூன்று தடவை எழுதிக் கேட்டார். தங்கையின் வாய் மூன்று தடவையும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னது. கண்கள் மட்டும் கிளம்பி அந்தம்மா வீட்டுக்கே போயிருந்தன. கேமராவுக்குக் கீழே இருந்த கையோ, வெளிச்சத்தை மறைக்காதே என்று என்னை அதட்டிக்கொண்டிருந்தது. இருபத்து நாலு வருஷமாக அந்த முகத்தோடு சண்டை போடுகிறேன், அன்றுதான் அதைப் பார்த்தேன்.

லைவ் முடிவதற்குள் வரைந்துவிட்டேன். வாயும் கன்னமும் மஞ்சள். கண்ணும் நெற்றியும் கரும்பச்சை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கை நின்றது. குழைத்துவிடலாம், அல்லது நடுவில் கறுப்புக் கோடு போடலாம். இரண்டுமே மூன்றாவது பத்தியில் வேறு பெயர்களில் இருந்தவை. அப்போது உள்ளறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சேலைகளில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். அப்பா ஒரு பக்கமிருந்து ஊடுநூல் நாடாவைத் தள்ள, அம்மா மறுபக்கமிருந்து தள்ள, ஒவ்வொரு வரியிலும் இரண்டு நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். அதைக் கோர்வை என்போம். என் தூரிகை மஞ்சளைப் பச்சைக்குள்ளும் பச்சையை மஞ்சளுக்குள்ளும் பல்பல்லாக இழுத்துக் கோத்தது. தள்ளி நின்று பார்த்தால் சிரிப்பும் முறைப்பும் ஒன்றையொன்று பிடித்து இழுத்தன. படத்தின் ஓரங்களில் ஒன்றுமே இல்லை. கரை முகத்துக்கு நடுவில் வந்துவிட்டிருந்தது.

லைவை முடித்துவிட்டுத் தங்கை வந்து படத்தைப் பார்த்தாள்.

"யக்கா, நான் இப்படியா பார்க்கிறேன்?"

"பாலியஸ்டரான்னு கேட்டா."

"அதைக் கேட்டா வேற எப்படிப் பார்க்கிறதாம்? இதை மட்டும் வெளிய காட்டாதே, கஸ்டமர் எல்லாம் ஓடிப்போயிடுவாங்க."

மறுநாள் லைவ் போடும் தன் பக்கத்தின் முகப்பில் அந்தப் படத்தையே வைத்திருந்தாள்.

இரண்டாவது படம் அப்பா. வெளியூர்க் குடும்பமொன்று தறி பார்க்க வந்து, கோயில் இட்லி சாப்பிட்ட விரலோடு தறியில் பூட்டிய பாவு நூலைத் தடவியது. "பாருங்க, நல்லாப் பாருங்க" என்று உபசரித்தது வாய். கண்கள் அந்த எண்ணெய் விரலை விட்டு நகரவில்லை. மூன்றாவதாகக் கண்ணாடி முன் உட்கார்ந்து என்னையே வரைந்தேன். பச்சை, மஞ்சள், நடுவில் கோர்வை, எல்லாம் அளவாக. அனுப்பினேன்.

பதில் வந்தது. "முதல் இரண்டும் ஒருவர் வரைந்தவை. மூன்றாவது வேறு யாரோ. அவர் வேண்டாம்." மறுபடியும் கைகூப்பும் எமோஜி. இன்னொன்று அனுப்ப நான்கு நாள் தந்திருந்தார்.

தங்கை இதைத் தறி அருகே போய் இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினாள். பிறகு தீர்ப்பும் சொன்னாள். "கண்ணாடி உன்னை என்னக்கா கேட்டுது? ஒண்ணும் கேக்கல. பாஸ்போர்ட் போட்டோவுக்கு உக்காந்தாப்பல உக்காந்துக்கினு இருந்த. இன்னிக்கு லைவ் நீ பண்ணு."

முடியாது என்பதற்கு நான்கு காரணங்கள் சொன்னேன். இரண்டாவது காரணத்தில் அவள் விளக்கைப் போட்டுவிட்டாள்.

நான் சேலையைப் பற்றிச் சரியான தகவல்களைச் சொன்னேன். நூல், ஜரிகை, நீளம், துவைக்கும் முறை. தங்கச்சி எங்கே என்று கேட்டார்கள். இவங்க பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரிப் பேசறாங்க என்று ஒருவர் எழுதினார். எல்லாருக்கும் பொறுமையாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், அப்படித்தான் நினைத்தேன். போனுக்குப் பின்னாலிருந்து தங்கை அடுத்த கேள்வியை ஆசையாசையாகப் படித்தாள்.

"'இந்த அக்கா ஏன் முறைச்சுக்கினே இருக்காங்க?' கேக்கிறாங்க, சொல்லுக்கா."

போன் திரையில் என் முகத்தைப் பார்த்தேன். வாய் நிதானமாக, மரியாதையாக, டிப்ளமோ படித்த வாயாக இருந்தது. அதற்கு மேலே இரண்டு கண்கள், பஸ் ஸ்டாண்டு என்று எழுதியவரை எங்கே புதைக்கலாம் என்று இடம் தேடிக்கொண்டிருந்தன.

"முறைக்கலைம்மா, டிசைனைப் பார்க்கிறேன்" என்றேன். திரையில் இருந்தவள் அதை நம்பவில்லை.

மறுநாள் ஆபீசுக்கு லீவு. உதடுகளுக்குச் சிலேட்டுச் சாம்பல், கண்களுக்கு மிளகாய்ச் சிவப்பு. தங்கைக்கும் அப்பாவுக்கும் போட்டதைவிட இங்கே கோர்வையின் பற்கள் நீளமாக வேண்டியிருந்தன. சாம்பலைக் கீழேயே பிடித்து நிறுத்துவது அவ்வளவு வேலை வைத்தது.

இரண்டு நாளில் பதில் வந்தது. "ஒரே ஆள்தான். மூன்றும் மாட்டுகிறோம்."

அதற்குள் நான்காவது படம் ஆரம்பமாகியிருந்தது. அந்தத் தேர்வாளர் வாட்ஸப்பில் வைத்திருக்கும் புகைப்படத்தைப் பார்த்துத்தான் வரைகிறேன். நல்ல சிரிப்பு. கன்னம் வரை முடிந்துவிட்டது. கண்களுக்காக அவரைக் கண்காட்சியின் தொடக்க நாளில் நேரில் பார்க்க வேண்டும். என்ன கேட்டால் அந்தக் கண்கள் மாறும் என்று நோட்டில் எழுதி வருகிறேன், இதுவரை பதினொரு கேள்விகள் ஆகியிருக்கின்றன.