அருள் அண்ணையின் மிளகாய்ச் சோதனை

கனடாவில், அஜக்ஸிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபோது அருள் அண்ணையின் மனைவி திரேசா அக்காவின் அழைப்பு வந்தது. "அருள் போயிட்டார், நிர்மலா. நித்திரையிலேயே போயிட்டார்." அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பினேன்.

அருள்நாதன் அண்ணையை அறிந்தவர்களுக்கு அவருடைய பிடிவாதத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இருதய சத்திரசிகிச்சைக்காகப் பிளந்த நெஞ்செலும்பை மீண்டும் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தகடுகளைச் செய்வதுதான் மிசிசாகாவில் எங்கள் வேலை. நான் வரைவேன், அவர் இயந்திரத்தில் பூட்டி உடைக்கப் பார்ப்பார். உடைந்ததும் அவர் முகத்தில் வரும் சந்தோசத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை என் தகடு எல்லாச் சோதனையிலும் தேறியது. மற்றவர்கள் கைகுலுக்கினார்கள். அவர் மட்டும், "மெஷின் மெள்ள மெள்ள இழுக்குது. சனம் அப்பிடியோ இருமுறது?" என்று கேட்டார்.

உண்மையான இருமல் நெஞ்சை எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று அளக்க, நெஞ்சில் கட்டும் பட்டி ஒன்றைச் செய்தார். ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கட்டிப் பார்த்தால், எல்லோரும் வாயைப் பொத்தி மரியாதையாக இருமினார்கள். "கோயில் இருமல் சரிவராது" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை திரேசா அக்கா கறித்தூளுக்காகக் கார் விடும் கராஜில் செத்தல் மிளகாய் வறுத்தார். பட்டியைக் கட்டிக்கொண்டு நாங்கள் மாறிமாறி உள்ளே போனோம். கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே ஓடிவந்த அண்ணை, "இதெல்லோ இருமல்!" என்று துள்ளினார். அந்த வேகத்தில் இயந்திரம் இழுத்தபோது என் தகட்டின் கீழ்த் திருகாணி கழன்றது. சில நாட்கள் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. பிறகு தகட்டைக் கீழே நீட்டி வரைந்தேன். அது அசையவில்லை.

இறுதிச் சடங்கு நடந்த மலர்ச்சாலைக்குத் திரேசா அக்காவின் தமையன் வந்திருந்தார். போன மாதம் அவருக்கு பைபாஸ் சத்திரசிகிச்சை. நெஞ்சில் இருப்பது அந்தத் தகடு. இருமல் வந்தால் அணைத்துப் பிடிக்கத் தலையணையும் கையில் இருந்தது. சவப்பெட்டியை மூடியபோது அதைக் கீழே போட்டுவிட்டு, "மச்சான்!" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். தகடு கழன்றுவிடுமோ என்று பயந்தேன். ஓடிப்போய், "நோகுதோ அண்ணை?" என்றேன்.

"இல்லைப் பிள்ளை. இறுக்கமாத்தான் இருக்கு. அருள் சோதிச்சதெல்லோ" என்றார்.

மிளகாய் மணம் போகாத அந்தப் பட்டி இப்போது என் மேசையில் இருக்கிறது. அருள் அண்ணை, நாங்கள் இருமலை அளந்தோம், அழுகையை மறந்துவிட்டோம். அடுத்த தகட்டுக்கு அதையும் அளக்கப்போகிறேன். பட்டியை நானே கட்டிக்கொள்வேன். மிளகாய் தேவைப்படாது.