பதினோராவது இருக்கை

அந்தக் கோடை விடுமுறையை நினைத்தால், முழங்காலின் பின்மடிப்பில் சில்லென்று பட்ட இரும்பு டேப்புதான் முதலில் ஞாபகம் வருகிறது. பெங்களூர் ஒக்கலிபுரத்து மாடிவீட்டில் அப்பா என்னையும் அம்மாவையும் நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பு, தொடை, தோள் என்று அளந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கேட்டால் "ஆபீஸ் வேலை" என்பார். விமானத்தில் ஒருமுறைகூட ஏறாதவருக்கு விமானக் கம்பெனியில் என்ன வேலை என்று வகுப்பில் ஒருத்தி கேட்டதிலிருந்தே எனக்கு அவர்மேல் சந்தேகம்.

அவர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு விமான வடிவமைப்பு நிறுவனத்தில் படம் வரைபவர். ஐந்நூறு பேர் போகிற இரண்டடுக்கு விமானத்தில் இன்னும் சிலரை ஏற்ற வழியுண்டா என்று அவர் பிரிவில் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் வரிசைக்குப் பத்து இருக்கை இருந்த இடத்தில் பதினொன்று. சன்னலோரங்களில் மூன்று மூன்று, நடுவில் ஐந்து. கணினியில் கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் அவருக்கு உறுத்தியது. "கம்ப்யூட்டர்ல உக்கார்ற ஆளுக்கு முட்டிவலியே வராது" என்று அம்மாவிடம் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் செங்கல்மேல் பலகை போட்டு, சாக்பீஸால் பதினோரு இருக்கைகளாகப் பிரித்து, முன்வரிசைக்குப் பதிலாக மேசைகளை நிறுத்தி, தெருக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஆட்கள் மேலே ஏறிப்போவதைப் பார்த்த கீழ்வீட்டு வயதான ஓனரம்மா, சோப்புத்தூள் விற்க ஆள் பிடிக்கிற "செயின் கூட்டம்" என்றே முடிவுகட்டி, கையும் களவுமாகப் பிடிக்க வந்தார். ஓர் ஆள் குறைந்ததால் அப்பா அவரையே நடு ஐந்தின் நடுவில் உட்காரச் சொன்னார்.

விமானத்தில் ஆபத்து என்றால், எத்தனை பேர் இருந்தாலும், பாதிக் கதவுகள் திறக்காவிட்டாலும், தொண்ணூறு வினாடிக்குள் எல்லாரும் வெளியேறியாக வேண்டும் என்பது விதி. அப்பா தட்டைத் தட்டியதும் நாங்கள் இடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிவரை ஓடிச் சிரித்தோம். திரும்பிப் பார்த்தால் ஓனரம்மா மட்டும், மேசைக்கும் பலகைக்கும் இடையில் முட்டி சிக்கி, எழ முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கோபப்படவில்லை.

"என்ன உட்டுட்டு எல்லாரும் போயிட்டீங்களே" என்றார், மெதுவாக.

அத்தோடு சிரிப்பு நின்றது.

அப்பா அதை அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி அறிக்கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பதினோரு பேர் யார், வரைபடத்தை வெளியாருக்கு ஏன் காட்டினாய் என்றுதான் கேட்டார். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வீட்டிலேயே இருந்த அவரிடம் அம்மா, "நெஜமா வேற ஒண்ணும் இல்லையேங்க?" என்று கேட்டாள். இல்லை என்றார். மறுநாள் காலையிலும் அவள் அதையே கேட்டாள். முதல் தடவை கேட்டதைவிட அந்த இரண்டாம் தடவைதான் அவரைக் குத்தியிருக்க வேண்டும். காபியைத் தொடாமல் எழுந்து போனார்.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் பையைத் துழாவினேன். உள்ளே அந்த நோட்டு மட்டும்தான். எங்கள் அளவுகளுக்குக் கீழே எழுதியிருந்தது: "நடு இருக்கை. எழ முடியவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்."

இரண்டு வாரம் கழித்து அவரைத் திரும்பக் கூப்பிட்டு, தலைக்குமேல் சாமான் வைக்கும் பெட்டிகளை வரையும் பிரிவில் போட்டார்கள். பதினோரு இருக்கைத் திட்டம் சில காலம் பேசப்பட்டு, சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. அப்பாவால்தான் என்று நான் பள்ளியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "எனக்கே தெரியாதத நீ எப்படிச் சொல்ற?" என்றார் அவர்.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். ஓனரம்மா இப்போது இல்லை. அந்த மாதிரி இரண்டடுக்கு விமானங்களைக் கட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள். கட்டியவை மட்டும் இன்னும் பறக்கின்றன. போன மாதம் அப்படி ஒன்றில்தான், என் முதல் சம்பளப் பயணமாக, அப்பாவைப் பெங்களூரிலிருந்து கூட்டிப்போனேன். பூரித்துப்போவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பின்கதவுவரை எத்தனை வரிசை என்று எண்ணிவிட்டு, ஆபத்தில் இறங்கும் முறையைக் காட்டும் அட்டையை நெடுநேரம் பார்த்தார்.

"இந்தப் படத்துல வயசானவங்க ஒருத்தர்கூட இல்ல பாரு."

விமானம் தரையிறங்கி நின்றதும் எல்லாரும் எழுந்து முண்டினார்கள். அப்பா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை எழ முயன்றார், முடியவில்லை. பின்னாலிருந்து யாரோ "எக்ஸ்கியூஸ் மீ" என்றார்கள். நான் நகரவில்லை. அவர் எழுந்து நிற்கும்வரை நடைபாதையை மறித்துக்கொண்டு நின்றேன்.