இரண்டு நட்சத்திரம் கொடுத்த வீடியோ கேம்

காலையில்தான் அந்த வீடியோ கேமுக்கு விமர்சனம் போட்டேன். எதிரிப் படை பிடித்து வைத்திருக்கும் ஊர். சொந்த மொழிக்காரன் அடிவாங்கும்போது, அந்த மொழியே தெரியாதவன் மாதிரி ஒருத்தன் நிற்பான்.

"எவனாவது இப்படிச் செய்வானா? கதை எழுதினவனுக்கு மூளை இல்லை. இரண்டு நட்சத்திரம்" என்று எழுதியிருந்தேன்.

மாலையில் மட்டாஞ்சேரி பஸ். பக்கத்தில் நின்ற கட்டட வேலைக்காரரின் சட்டையைப் பிடித்து, "டிக்கெட் எவிடெடா பாண்டி?" என்று மலையாளத்தில் கத்தி கண்டக்டர் அறைந்தார். தமிழனுக்கு அங்கே அதுதான் இளக்காரப் பெயர்.

அறை வாங்கியவர் என்னிடம் திரும்பினார். "அண்ணே, இப்ப போன்ல தமிழ்தானே பேசுனீங்க? நான் டிக்கெட் எடுத்தத பாத்தீங்கள்ல, சொல்லுங்கண்ணே."

பார்த்தேன்தான்.

கண்டக்டர் கேட்டார்: "சேட்டனு தமிழ் அறியாமோ?"

"அறியில்லா." தெரியாது என்று நானும் மலையாளத்திலேயே சொன்னேன்.

தோப்பும்படி பாலத்தின் மேலேயே அவரை இறக்கிவிட்டார்கள். நல்ல மழை.

வீட்டுக்கு வந்ததும் விமர்சனத்தைத் திருத்திவிட்டேன். ஐந்து நட்சத்திரம். அந்தக் கதாபாத்திரம் அச்சு அசல்.

நீங்கள் எத்தனை கொடுப்பீர்கள்?