சாரத்தில் தொங்கிய முகம்

படம் என்றால் அழகாக இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சட்டம் போட்டவர் அப்பா. மளிகைக்கடை காலண்டரில் தாமரை மேல் நிற்கிறாளே லட்சுமி, அதுதான் அவருக்குப் படம். அவருடைய தங்கை, அதாவது என் அத்தை, மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் போட்டதெல்லாம் சுவரைக் கெடுக்கிற வேலை. அத்தையும் சும்மா இருக்க மாட்டாள். கொட்டாவி விடுகிற கிழவர், மூக்கைச் சிந்துகிற பெண்பிள்ளை, அசை போடுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு எதையோ யோசிக்கிற மாடு என்று சுவரை நிரப்பி வைத்திருந்தாள்.

"ஒரு ரோசாப்பூ போட வராதா உனக்கு?" என்று அப்பா கேட்பார்.

"ரோசாப்பூவுக்கு மூஞ்சி இல்லையேண்ணே" என்பாள் அத்தை.

நான் அப்போது இரண்டாம் வகுப்பு. அதற்கு மேல் ரொம்ப தூரம் படித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா அனுப்பிய பணத்தில், கூரைவீட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு மாடிவீடு எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் அதுதான் முதல் மாடி. நடவுக்குப் போகிறவர்கள், களையெடுத்துத் திரும்புகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ம்ம்" என்று ஒரு பெருமூச்சு விட்டுப் போனார்கள். அந்த "ம்ம்" கேட்டு அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கொத்தனார்தான் வழி சொன்னார். "சாரத்துல ஒரு திருஷ்டி பொம்மை கட்டுங்க. வைக்கோல் உடம்பு, பானைத் தலை. மூஞ்சி மட்டும் கண்றாவியா இருக்கணும். பாக்குறவன் கண்ணு வீட்டு மேல போவாம அது மேல போவணும்."

கண்றாவி என்றதும் அப்பாவுக்குத் தங்கையின் ஞாபகம் வந்துவிட்டது. அத்தையின் திறமைக்கு எங்கள் வீட்டில் முதன்முதலாக வேலை கிடைத்தது இப்படித்தான்.

ஆனால் அந்த வாரம் அத்தைக்கு வேறு கவலை இருந்தது. வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க முத்துப்பேட்டையிலிருந்து வருவதாக இருந்தது. இதற்கு முன் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கேசரியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று போனார்கள். இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். குற்றம் அத்தையின் முன்பல் மேல். கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அப்பாயி அதற்காகத் தன் மகளுக்குத் தினமும் பயிற்சி கொடுத்தாள். "வாய மூடிக்கிட்டுச் சிரிடி. இப்ப இல்ல, இப்ப பல்லு தெரியுது. உதட்ட இழு. ஐயோ, அழுவுற மாதிரி இருக்கு."

கொட்டகையில் பானையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்தாள். சுண்ணாம்பு, அடுப்புக்கரி, செங்காவி. அப்பா சவரம் பண்ணுகிற கண்ணாடியை என் கையில் கொடுத்து ஆடாமல் பிடிக்கச் சொன்னாள். பிறகு கண்ணாடியைப் பார்த்து முழியை உருட்டினாள். ஒரு புருவத்தை மட்டும் மேலே ஏற்றினாள். கன்னத்தை உப்பினாள். அப்பாயி இழுத்துக் கட்டச் சொன்ன உதட்டை அவிழ்த்துவிட்டு, முன்பல்லை முழுசாக வெளியே விட்டாள். பார்த்ததைப் பானையில் போட்டாள். அதற்கு மேல் அரிவாள் மாதிரி ஒரு மீசையும் வைத்தாள். நான் சிரித்த சிரிப்பில் கண்ணாடி ஆடி, தலையில் ஒரு குட்டு வாங்கினேன்.

"அத்தே, இது நீதானே?"

அவள் முகம் மாறியது. "வெளியில மூச்சு விட்டே, இந்தத் தடவையும் போச்சுடி. திருஷ்டி பொம்மை மூஞ்சிக்காரிய எவன் கட்டுவான்? அந்தச் சுண்ணாம்ப அப்படியே உன் நாக்குல தடவிடுவேன்."

பொம்மை சாரத்தில் ஏறியது. அப்பா ஒரு சட்டை கொடுத்தார், கிழிந்ததுதான். கீழே நின்று பார்த்துவிட்டு, "என்னா இது, சிரிக்குது? திருஷ்டி பொம்மை சிரிக்கலாமா?" என்றார். அழகாக இல்லை என்று சொல்ல முடியவில்லை, அழகு வேண்டாம் என்றவரே அவர்தான். அதனால் சிரிப்பின் மேல் குற்றம் சொன்னார்.

ஆனால் மீசைக்குக் கீழே தங்கை இருப்பது அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து, "அட, நம்ம வாய்க்கால் தகராறு பங்காளி! அதே முழி!" என்றார். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என் மாமியாரை எப்பய்யா புடிச்சிக் கட்டுனீங்க?" என்றார். அம்மா என்னைத் தனியாக இழுத்துப்போய், "அப்படியே உங்க அப்பாயிடி" என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அப்பாயி என்னைத் தனியாக இழுத்துப்போய், "உங்கம்மா காலையில எந்திரிச்சி வர்றப்ப பாத்திருக்கியா?" என்றாள். எனக்கு மண்டை வெடித்துவிடும்போல இருந்தது. இவ்வளவு பெரியவர்களுக்கு இவ்வளவு பெரிய பல் தெரியாமல் போனது எப்படி?

தினமும் சாரத்தடியில் ஒரு கூட்டம். சித்தாள் பெண்கள் கலவைத் தட்டைத் தலையில் வைத்தபடியே நின்று சிரித்தார்கள். வேலை நடக்கவில்லை என்று அப்பா சத்தம் போட்டார். கொத்தனார் அசரவில்லை. "வந்த பயலுவ ஒருத்தனாவது வீட்டப் பாத்தானா, சொல்லுங்க. பொம்மைக்குக் குடுத்த வேலைய பொம்மை பாக்குது."

வெள்ளிக்கிழமை வந்தது. மாப்பிள்ளைக்கு முத்துப்பேட்டையில் சைக்கிள் கடை. நகத்தில் கிரீஸ் போகாத மனிதர். கூடவே அவருடைய அம்மா, வாயில் வெற்றிலை, மடியில் வெற்றிலைப்பை. வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று, புதுவீட்டு நிழலில் ஜமக்காளம் விரித்து உட்காரவைத்தார்கள். நிமிர்ந்தால் பொம்மைதான். அத்தை உள்ளேயிருந்து என்னைப் பார்த்த பார்வையில் சுண்ணாம்பு இருந்தது. போதாக்குறைக்கு என் வாயில் ஒரு பிடி பூந்தியை அடைத்து அனுப்பினாள்.

மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தார். வெற்றிலை மெல்லுவது நின்றது. "இது யாரு?"

அம்மா பணியாரத்தட்டை நீட்டினாள். எனக்குப் பூந்தி புரையேறியது.

"எங்க நாத்தனா! நாகப்பட்டினத்துல இருக்காளே, அவதான்! அவ மீசை வச்சா இதேதான்!" அந்தம்மா வெற்றிலைச் சாறு சேலையில் வழிய வழியச் சிரித்தார். அப்பாயிக்கு உயிர் வந்தது. தானும் சேர்ந்து சிரித்தாள், மருமகளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே.

மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. பஞ்சர் எங்கே என்று தண்ணீரில் டியூபை அமுக்கிப் பார்ப்பதுபோல, பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை காபித் தட்டோடு வந்தாள். தலை குனிந்து, உதட்டை இறுக்கி, அப்பாயி கற்றுக்கொடுத்த அழுகைச் சிரிப்போடு. குனிந்து தட்டை நீட்டினாள். அவர் அத்தையைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். மறுபடி அத்தையைப் பார்த்தார். பெரியவர்கள் நாகப்பட்டினத்து நாத்தனார் கதையில் இருந்த நேரம் பார்த்து, ஒரு புருவத்தை மட்டும் ஏற்றி, முழியை உருட்டி, கன்னத்தை உப்பிக் காட்டினார். பானையில் இருந்தது அப்படியே.

அத்தைக்குத் தட்டு ஆடியது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. உதடு பிளந்து, முன்பல் முழுசாக வெளியே வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காபி மாப்பிள்ளை வேட்டியில். அப்பாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன்டா, வேட்டிய நாசம் பண்ணிருக்கு, நீயும் கூட சேந்து சிரிக்கிறே?" என்றார் அவர் அம்மா.

"துவைச்சா போவுது. எனக்குப் புடிச்சிருக்கும்மா."

கல்யாணம் நிச்சயமானது. வந்த திருஷ்டியையெல்லாம் பொம்மை வாங்கிக்கொண்டதால்தான் கூடி வந்தது என்றார் அப்பா. யோசனை சொன்ன கொத்தனார், வேட்டி துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். வரைந்தவளுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. கண்ணாடி பிடித்தவள் நான். கொட்டகையில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி வாய் திறக்கவில்லை, எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். "நீதானே அவருக்குச் சொல்லிக் குடுத்தே?" என்று அத்தையை மடக்கினேன்.

"நா எங்கடி சொன்னேன்? அன்னிக்கித்தானே முதமுதல்ல பாத்தேன்."

"அப்பறம் எப்படி அவருக்கு மட்டும் தெரியும்?"

அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள். கிள்ளலில் வலியே இல்லை, அதுவே சந்தேகமாக இருந்தது.

தாலி கட்டின கையோடு மாப்பிள்ளையையே கேட்டேன். "யாரு சொன்னா உங்களுக்கு?"

"பானைதான் சொல்லுச்சு" என்றார்.

பொய். பானை எங்கேயாவது பேசுமா? எங்கோ ஒளிந்திருந்து, கொட்டகைக் கீற்று இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுப் பொய்யும் சொல்கிறார். இந்த ஆள் ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டினேன். இது தெரியாமல் அத்தை முத்துப்பேட்டை பஸ்ஸில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியே பல் தெரியக் கையாட்டுகிறாளே என்று நினைக்க, எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தெருவில் புரண்டு அழுதேன்.

"அத்தை மேல எம்புட்டுப் பாசம் பாரு இந்தக் குட்டிக்கு" என்று ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது.