மழை விட்ட பிறகு வரும் தண்ணீர்

கல்லூரியில் முதல் வாரம். ஒவ்வொருவராக எழுந்து ஊர், வீடு, பொழுதுபோக்கு, எந்தப் பாடத்தில் ஆர்வம் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் பேசியவர்களிடம் கீபோர்டு, கோடிங், பேட்மிண்டன் என்று ஏதாவது இருந்தது. நான் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள். வீடு பீர்க்கன்கரணை என்றேன். அம்மா பெருங்களத்தூர் அபார்ட்மென்ட் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் என்றேன். அதற்குமேல் ஆங்கிலம் நகரவில்லை.

"ஹாபி?" என்றார் மேடம்.

"தண்ணி பாக்கறது, மேடம்."

"ஸ்விம்மிங்கா?"

"இல்ல மேடம். சும்மா பாக்கறது."

வகுப்பே சிரித்தது. காது சூடாகி உட்கார்ந்தேன். ஆனால் நான் சொன்னது உண்மை.

எங்கள் ஊர் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் ஓடுகிற கால்வாயை ஒட்டி, தெருவின் கடைசி வீடு எங்களுடையது. ஒன்பதாவது படிக்கும்போது ஒரு மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து என் புத்தகங்களை எல்லாம் கொண்டுபோனது. அதன் பிறகு மழை பெய்யும் போதெல்லாம் குடையோடு தரைப்பாலத்தில் நின்று, சுவரில் பெயிண்டால் கோடு போட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்வேன். நாலு மழைக்காலம் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. மழை கொட்டும்போது கால்வாய் பொங்குவதில்லை. மழை விட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து, எல்லோரும் அப்பாடா என்று உட்காரும் நேரத்தில்தான் பொங்குகிறது. ஏரி நிரம்பி வழிய அவ்வளவு நேரம் ஆகிறது.

இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் எல்லோரும் கம்ப்யூட்டர் எடு என்றார்கள். நான் எலெக்ட்ரானிக்ஸ் எடுத்தேன். நாள் முழுக்க நான் பாலத்தில் நிற்க முடியாது. எனக்குப் பதிலாக அங்கே ஏதாவது நிற்க வேண்டும்.

அக்டோபரில் அதைச் செய்தேன். மொட்டைமாடித் தொட்டிகளில் தண்ணீர் நிரம்பினால் மோட்டாரை நிறுத்துகிற மிதவை சுவிட்ச் ஒன்று, பழைய ஆட்டோவின் ஹாரன், கரண்ட் போனாலும் வேலை செய்ய ஒரு பேட்டரி. சுவிட்சைப் பாலத்துச் சுவரில் என் மூன்றாவது கோட்டின் உயரத்தில் கட்டி, வயரை எங்கள் மாடியில் வைத்த ஹாரனுக்கு இழுத்தேன். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு ஏறினால் ஹாரன் அடிக்கும்; அங்கிருந்து தெருவுக்குள் வர ஒரு மணி நேரம் ஆகும். மூன்றாம் நாள், சொட்டு மழை இல்லாத மத்தியானத்தில் ஹாரன் அலறியது. ஓடிப் பார்த்தால் காற்றில் வந்து சிக்கிய ஒரு பிளாஸ்டிக் பை மிதவையைத் தூக்கிப் பிடித்திருந்தது.

எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன் சோற்றுக் கையோடு வெளியே வந்தார். "இன்னாமா இது, ஒரே பேஜாரா கீது. துன்ன வுட மாட்டியா?"

அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம், "கழட்டிடாத. சரி பண்ணு" என்றாள்.

குப்பை நுழையாமல் தண்ணீர் மட்டும் ஏற வேண்டும். அகலமான பிளாஸ்டிக் பைப் ஒன்றில் சிறு சிறு ஓட்டைகள் போட்டு, மிதவையை அதற்குள் இறக்கினேன்.

நவம்பரில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. கல்லூரிக்கு விடுமுறை. மூன்றாம் நாள் காலை மழை விட்டது. லேசாக வெயில்கூட எட்டிப் பார்த்தது. பதினொரு மணிக்கு ஹாரன் அடித்தது. பாலத்துக்கு ஓடினேன். பைப்பில் குப்பை இல்லை. தண்ணீர் என் மூன்றாவது கோட்டைத் தாண்டியிருந்தது.

ஆட்டோ அண்ணன் வாசலில் நின்றார். "மழ நின்னு எம்மா நேரம் ஆவுது. இப்ப இன்னாத்துக்குக் கத்துது?"

"இனிமேதாண்ணா தண்ணி வரும். ஒரு மணி நேரந்தான் இருக்கு. ஆட்டோவ மேட்டுல ஏத்திடுங்க."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நாலு வருஷமா பாத்துட்டு இருக்கேண்ணா."

 அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டத் தொடங்கினார். வண்டிகள் மெயின் ரோட்டுக்கு ஏறின. அரிசி, ஃபிரிட்ஜ், துணி எல்லாம் மாடிக்குப் போயின. அம்மா என் புத்தகங்களைத்தான் முதலில் தூக்கினாள்.

பன்னிரண்டு மணிக்குத் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. முழங்கால் வரை ஏறியது. மாடியில் நின்று தெரு மொத்தமும் அதைப் பார்த்தது. நனைவதற்குக் கீழே எதுவும் மிச்சமில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கும்தான்; அழுதுகொண்டே சிரித்தாள்.

தண்ணீர் வடிந்த மறுநாள் அடுத்த தெருவிலிருந்து நாலு பெண்கள் வந்தார்கள். "எங்க தெருவுக்கும் ஒண்ணு போட்டுத் தரணும், சாமானெல்லாம் நாங்க வாங்கித் தரோம்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னேன். அவர்கள் போனதும் எத்தனை மீட்டர் வயர் வேண்டும் என்று கணக்குப் போட உட்கார்ந்தேன்.