என் பஸ்ஸில் வந்த இரண்டாவது படி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, கொட்டகலையில் கடை போட்டு, மாடி வீடு கட்டி, அட்டனுக்கு ஓடும் பஸ்ஸுக்கும் முதலாளியானேன். தோட்டத்துப் பாதையில் கல் இடிக்காதபடி அதன் படியை உயர்த்தியதும் என் மூளைதான். ஏறச் சுணங்குகிறவர்களுக்காக நிற்கக்கூடாது என்பதும் என் சட்டம்.

போன மாதம் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போக என் பஸ்ஸையே மறித்தேன். கால் படிக்கு எட்டவில்லை.

"சுணங்கினா விட்டுட்டுப் போன்னு நீங்கதானே மொதலாளி சொன்னீங்க?" என்றான் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

ஊன்றுகோலோடு பக்கத்தில் நின்ற தையல்காரி புஷ்பம், பையிலிருந்து கயிறு கட்டிய ஒரு சின்ன முக்காலியை எடுத்து வைத்தாள்.

"ஏறுங்கய்யா. ஒங்க பஸ்ஸுக்காகத்தான் இத தெனமும் சொமக்குறேன். அப்படியும் பாதி நாளு விட்டுட்டுப் போயிடுறாங்க. இன்னும் ஒருநாள் பிந்தினா தையல் கடையில என்னைய வேலையவிட்டு நிப்பாட்டிருவாங்க."

அவளும் ஏறி, முக்காலியைக் கயிற்றால் மேலே இழுத்துக்கொண்டாள். முழங்காலைவிட எனக்கு முகம்தான் அதிகம் எரிந்தது.

அந்த வாரமே கீழே ஒரு மடக்குப் படி வைத்தேன். எல்லோரும் ஏறிய பிறகே இப்போது மணி அடிக்கும். ஊரில் அதைப் 'புஷ்பம் படி' என்கிறார்கள். யோசனை அவளுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரும்பு என்னுடையது. வழுக்கி விழுந்ததும் நான்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.